சீலிங் கேட்டால் ஏன் மாடிக்கு ஏறுகிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சித்திரை பிறந்ததும் கடைக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரியானவை: “படுக்கையறைக்குத் தெர்மாகோல் வைத்து சீலிங் அடித்துத் தர முடியுமா?” முடியும். ஆனால் வந்தவுடன் படுக்கையறைக்குள் நுழையாமல் மொட்டை மாடிக்கு ஏறுகிறோம். சிலருக்கு அதில் வருத்தம். அதனால்தான் இந்த மடல்.

பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம், இரவு பத்து மணிக்கும் அதை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறது. அடியில் சீலிங் அடித்தால் ஓரளவு தணியும். தளம் காய்வது நிற்காது. வெயிலை மேலேயே மறிக்க வேண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்த பழைய கொத்தனார்களுக்கு இது தெரிந்திருந்தது. நாங்கள் நீர்த்தடுப்புப் பூச்சின் மேல் 2 அங்குல எக்ஸ்.பி.எஸ். பலகை (சூட்டைத் தடுக்கும் கெட்டியான நுரைப் பலகை) விரித்து, அதன்மேல் தட்டோடு பதிக்கிறோம். இப்போது கையில் பணமில்லையா? மாடித் தளத்துக்கு வெள்ளையடியுங்கள், நல்ல பலன் உண்டு. ஆண்டுதோறும் பாசியைத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து, வெளிக்காற்று உள்ளே நுழையும் ஓட்டைகள். அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கதவு, ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறிகளை நிறுத்தி, குளியலறை எக்ஸாஸ்ட் விசிறியை மட்டும் ஓடவிட்டு, ஓரங்களில் ஊதுவத்தியைக் காட்டுங்கள். புகை வளையும் இடத்தில் ஓட்டை இருக்கிறது. செம்மண்டலத்தில் ஒரு வீட்டில், ஏசி குழாய் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் புகை சட்டென்று அறைப்பக்கம் வளைந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே பழைய செய்தித்தாள், அதன் நடுவே எறும்பு வரிசை!

அலுமினிய ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் வெளிப்பக்கம் இருக்கும் சிறு துளைகளைத் தயவுசெய்து சிலிக்கான் வைத்து அடைக்காதீர்கள். அவை மழைநீர் வடியும் வழி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் மழையைப் படுக்கைவாட்டில் அடித்தது நினைவிருக்கும். துளை அடைபட்டால் அந்தத் தண்ணீர் சட்டத்தில் தேங்கி, மெத்தைக்குத்தான் வரும்.

சுவரின் உட்புறம் பிளாஸ்டிக் தாள் ஒட்டச் சொல்லும் காணொளிகளை நம்பாதீர்கள். அது பனி பெய்யும் நாடுகளுக்கான முறை. அங்கே ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகும். நம் கடலோரத்தில் வெளியிலிருந்து உள்ளே வரும். ஏசியில் குளிர்ந்த தாளின் பின்புறம் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தடுப்பு வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும்.

சமையலறையை இறுக அடைக்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுவோம். காஸ் அடுப்பு எரியும் இடத்துக்குக் காற்று வேண்டும்.

பார்வையிட மாலை நான்கு மணிக்கு மேல்தான் வருவோம். தளத்தின் சூடு அப்போதுதான் தெரியும். மாடிப்படியில் செருப்பைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள், மஞ்சக்குப்பம், கடலூர்