கால்பந்துச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மைதானம் முன்போலவே காலையில் கிரிக்கெட் ஆடுபவர்களுக்கு, மாலையில் நமக்கு. கோல் வலை மாற்றியாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது ஜூலை 29 மாலைக் கூட்டத்தைப் பற்றி. 1911-இல் அந்த நாளில்தான் கல்கத்தாவின் மோகன் பகான் அணி பிரிட்டிஷ் ராணுவத்தின் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கால்பந்துக் கோப்பையை எடுத்தது. அந்த அணியில் பூட்ஸ் போட்டு ஆடியவர் ஒரே ஒருவர்.

பேச்சு வழக்கம்போல 1950 உலகக் கோப்பைக்குப் போனது. வெறுங்காலோடு ஆட விடாததால்தான் இந்தியா போகவில்லை என்று இன்னும் சிலர் சத்தியம் செய்கிறார்கள். பயிற்சிக்கு நேரமில்லை, ஆள் தேர்வில் உடன்பாடில்லை என்பதுதான் அன்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு சொன்ன காரணம். உலகக் கோப்பையைவிட ஒலிம்பிக்கைத்தான் அப்போது பெரிதாக நினைத்தார்கள்.

பிறகு சூடான விவாதம்: 1983-இல் கபில்தேவ் கோப்பை வாங்கியதும் கால்பந்து செத்துவிட்டது என்று மூத்த உறுப்பினர்கள் பலர் சொன்னார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 1951-இல் டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசோசா ஹாட்ரிக் அடிக்க, ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போனோம், நான்காம் இடம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தினோம். தலையில் அடிபட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் இறக்கினார் பயிற்சியாளர் ரஹீம், அவரும் கோல் போட்டார்! அடுத்த ஆண்டே ரஹீம் புற்றுநோயில் இறந்தார். 1960-க்குப் பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் பக்கமே போகவில்லை. 1970-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் ஒரு வெண்கலம், அவ்வளவுதான். கபில்தேவ் வருவதற்கு வெகு காலம் முன்பே சரிவு தொடங்கிவிட்டது. ரஹீமுக்குப் பின் அந்த வேலையை யார் செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை, சின்னப் பிள்ளைகளைச் சிறுவயதிலேயே எடுத்து வளர்க்கவும் ஏற்பாடில்லை.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, வார இறுதிப் பயிற்சி தொடங்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. கிரிக்கெட்காரர்கள் சனிக்கிழமை காலையில் பாதி மைதானத்தை விட்டுத்தரச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் வருவார்களாம். தீர்மானத்தை இப்போது வாக்கெடுப்புக்கு வைக்கிறேன். சந்தா பாக்கி உள்ளவர்கள் கட்டிவிட்டுக் கை தூக்கவும்.