விண்கல் என்றாலே விலைதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எங்காவது விண்கல் விழுந்தது என்று செய்தி வந்தால், அடுத்த வரியிலேயே அது எத்தனை கோடி பெறும் என்று எழுதிவிடுகிறார்கள். 2020 ஜூனில் ராஜஸ்தானின் சாஞ்சோரில் 2.8 கிலோ அளவுக்கு ஒரு கல் விழுந்தபோதும் இதே பேச்சுதான். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

ராஜஸ்தானும் அதை ஒட்டிய குஜராத்தும் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த பகுதி. விண்கல் எல்லா ஊரிலும்தான் விழும். அங்கே வறண்ட வெட்டவெளி என்பதால் கண்ணில் படுகிறது, சீக்கிரம் துருப்பிடிப்பதும் இல்லை. 1994இல் ஜோத்பூர் பக்கம் லோஹாவட்டில் ஒன்று, 1996இல் பாலி மாவட்டம் பிப்லியா கலானில் ஒன்று. இரண்டுமே வெஸ்டா என்ற சிறுகோளிலிருந்து பெயர்ந்து வந்ததாகக் கருதப்படும் வகை. பிப்லியா கலான் கல்லில் அலுமினியம்-26 என்ற கதிரியக்க அலுமினியம் ஒருகாலத்தில் இருந்ததற்கான தடயத்தை அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் 1999இல் வெளியிட்டார்கள். இந்த அலுமினியம் ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகச் சிதைந்துவிடும். அது தீர்ந்துபோவதற்குள்ளேயே, அதாவது சூரியக் குடும்பம் பிறந்த கையோடு, அந்தக் கல்லின் தாய்க்கோள் உருகி இறுகியிருக்கிறது! அதை உருக்கிய சூட்டுக்கும் இந்த அலுமினியமே காரணமாக இருக்கலாம். இவ்வளவு பெரிய சங்கதி ஒரு கிராமத்தில் விழுந்த கல்லுக்குள் இருந்தது. இதற்கு என்ன விலை போடுவது?

அப்புறம், 2017இல் ஜெய்ப்பூர் அருகே முகுந்த்புரா வயலில் விழுந்தது கரிமம் மிகுந்த அரிய வகை. மழையில் நனைந்தால் கெட்டுவிடும். 2022இல் குஜராத்தின் தியோதர் பக்கம் விழுந்தது ஆப்ரைட் என்ற அரிய விண்கல் வகை. அந்த வகை நம் நாட்டில் அதற்கு முன் விழுந்தது 1852இல்தான். அக்கம்பக்கத்து ஜனங்கள் துண்டுகளைப் பத்திரமாக எடுத்து வைத்ததால்தான் ஆய்வே நடந்தது.

இந்தக் கற்களைக் காக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துடையது. ஆனால் முதல் சில மணி நேரம் கல் விவசாயி கையில்தான் இருக்கிறது. கழுவக் கூடாது, காந்தம் வைத்துப் பார்க்கக் கூடாது (அதன் ஆதிக் காந்தப் பதிவு அழிந்துவிடும்), சுத்தமான பையில் சுற்றி வைத்து, விழுந்த இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு தாசில்தாருக்கோ கலெக்டர் அலுவலகத்துக்கோ தகவல் சொல்ல வேண்டும். கண்டெடுத்தவர் பெயரை, அவர் சம்மதித்தால், காட்சிக்கூடத்தில் கல்லுக்குப் பக்கத்திலேயே எழுதி வைப்பதுதான் நியாயம்.

2008இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியிலேயே 100 கிலோவுக்கும் மேல் விழுந்திருக்கிறது. ஆகவே அடுத்த முறை விண்கல் செய்தி போடும்போது, விலைக்குப் பதில், கல்லைக் கண்டெடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்று மேலே சொன்னதை நான்கு வரியில் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவில்பட்டி