கிராபிக்ஸ் கார்டை மாற்றலாமா என்று கேட்ட சரவணனுக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்
மார்ச் 2026

அன்புள்ள சரவணா,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு மூட்டு வலி இப்போது பரவாயில்லை. மாசி மகத்துக்கு ஆட்டோ பிடித்துத் தேவனாம்பட்டினம் போய், சாமிகள் கடலில் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் வீடு திரும்பினார். அங்கே பாண்டியில், வைத்திக்குப்பத்தில் கூட்டம் எப்படி? பையனின் பரீட்சை முடியும்வரை வீட்டில் யாரும் சத்தமாக இருமக்கூடக் கூடாது என்று தங்கச்சி சட்டம் போட்டிருப்பதாகக் கேள்வி.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் கம்ப்யூட்டரில் கேம் படங்களை வரையும் கிராபிக்ஸ் கார்டான ஜிடிஎக்ஸ் 1650-ஐக் கழற்றிவிட்டு, புதிதாக ஆர்டிஎக்ஸ் 5060 போடலாமா என்று கேட்டிருக்கிறாய். பரீட்சை முடிந்ததும் பையனுக்குப் பரிசாம். யாருக்குப் பரிசு என்று எனக்குத் தெரியாதா!

பழைய கார்டுகளை, அவற்றைச் செய்த என்விடியா கைகழுவிவிட்டது என்று பயந்து எழுதியிருக்கிறாயே, அது என் கார்டின் கதை, உன்னுடையதன் கதை இல்லை. என் ஜிடிஎக்ஸ் 1060 பாஸ்கல் தலைமுறை, 2016-இல் வந்தது. அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) 2025 அக்டோபரோடு நின்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். உன் 1650 டூரிங், 2019-இல் வந்தது. அதற்கு இன்னும் டிரைவர் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான கேம்களில் இப்போதும் என்னுடையதுதான் வேகம். அந்தச் செய்தியை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதே.

கேம் மெதுவாக ஓடுவது வேறு, திறக்கவே மாட்டேன் என்பது வேறு. மெதுவாக ஓடுவதோடு பேரம் பேசலாம். நிழலைக் குறை, சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் போடு (அதே வேலை செய்யும் டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டுக்குத்தான், எஃப்எஸ்ஆர் நம் பழைய கார்டுகளிலும் ஓடும்), ஏதோ ஒரு இடத்தில் ஒத்துவரும். சைபர்பங்க் 2077-க்குக் குறைந்தபட்சமே 1060 தான். நான் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தூரத்துக் கட்டடங்கள் கொஞ்சம் கலங்கித் தெரியும், கார் ஓட்டும்போது அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஆனால் 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிளும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் அப்படி இல்லை. கார்டிலேயே ரே டிரேசிங் வசதி, அதாவது ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும் வசதி, இருந்தால்தான் அவை ஓடும். குறைந்தபட்சம் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் கேட்கிறார்கள். எந்த செட்டிங்கைக் குறைத்தும் பயனில்லை.

என் கணக்கு இதுதான். நிஜமாகவே விளையாட ஆசைப்படும் ஒரு கேம், யூடியூபில் பார்த்து ஆசைப்படுவது இல்லை, இந்த இரண்டாவது ரகத்தில் வந்து நின்றால் கார்டு வாங்கும் நேரம் வந்துவிட்டது. எனக்கு டூம் வந்து நிற்கிறது. அதனால் இந்த வருடம் நான் மாற்றப் போகிறேன். நீ என்ன விளையாடுகிறாய்? இரவு பத்து மணிக்கு மேல் வாலரண்ட், ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் கேம். உன் வழியில் எந்தச் சுவரும் எனக்குத் தெரியவில்லையடா.

வாலரண்ட் இடையிடையே திக்குகிறது என்கிறாய். அது கார்டின் குற்றம் என்று எப்படி முடிவு செய்தாய்? கேமின் ரெசல்யூஷனை (படத்தின் நுணுக்கத்தை) 720-க்கு இறக்கிவிட்டு எஃப்பிஎஸ்-ஐ, அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதைப் பார். கார்டின் வேலை குறைந்து அது நன்றாக ஏறினால் மூச்சு வாங்கியது கார்டுதான். அப்படியே நின்றால் தடை வேறெங்கோ இருக்கிறது, 5060 இல்லை, 5090 போட்டாலும் அதே திக்கல்தான். டாஸ்க் மேனேஜரையும் திறந்து ராமைப் பார். ஒரே ஒரு 8 ஜிபி குச்சியோடு பின்னால் முப்பது குரோம் டேப் திறந்து வைக்கிற ஆள் நீ. என் சந்தேகம் முழுக்க அங்கேதான். அப்புறம் உன் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். கார்டு நொடிக்கு 150 ஃபிரேம் கொடுத்தாலும் அது 60-தான் காட்டும்.

இன்னொன்று, கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து பார்த்து எத்தனை காலமாயிற்று? நம் இரண்டு ஊருக்கும் கடல் காற்று பொது. ஃபெஞ்சல் புயலில், 2024 நவம்பர் கடைசியில், உங்கள் ஊரில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது கேபினட்டைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு ஃபோன் செய்தாய். அப்புறம் அது மறுபடி தரைக்குத்தானே வந்தது? பொங்கல் லீவில் என் கார்டைப் பிரித்தேன். பின்பக்கத் தகட்டில் எச்டிஎம்ஐ துளையைச் சுற்றிப் பழுப்பாகத் துரு, ஒரு திருகு தலை தேய்ந்து சுற்றிக்கொண்டே இருந்தது. சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்குகளில் தூசியும் உப்பு ஈரமும் சேர்ந்து கம்பளித் துணியாக அடைந்திருந்தது. பிரஷ்ஷுக்கு மசியவில்லை, பல்குச்சியால் கிளறித்தான் எடுத்தேன். சிப் மேல் இருந்த, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துப் புது பேஸ்ட் வைத்தேன். அதுவரை 84 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த கார்டு இப்போது 70-ஐ ஒட்டியே நிற்கிறது. சூடு ஏறினால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேஸ்ட் செலவு சில நூறு ரூபாய்தான்.

இவ்வளவு சொல்லியும் வாங்கியே தீருவேன் என்றால், முதலில் எஸ்எம்பிஎஸ்-ஐ (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியை) பார். உன் 1650 மொத்தமே 75 வாட். மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்கிறது, தனி கேபிள் கிடையாது. 5060-க்கு 145 வாட். 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. கேபினட்டோடு சும்மா வந்த அந்தப் பெட்டியை நம்பி அதை மாட்டாதே. இன்னொரு சிக்கல், 5060 மதர்போர்டோடு தகவல் பரிமாற எட்டு லேன் (பாதை) தான் பயன்படுத்தும். உன் மதர்போர்டு பிசிஐஇ 3.0, அதாவது லேன்களின் வேகம் குறைவான பழைய ரகம். கேம் கார்டின் 8 ஜிபி மெமரியைத் தாண்டும்போது அந்தக் குறுகலான வழியில் அடி கொஞ்சம் பலமாகவே விழும். 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி மெமரி, 16 லேன். உன் போர்டுக்கு அதுதான் பொருத்தம் என்பேன். நானும் அதைத்தான் செகண்ட் ஹேண்டில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கார்டுகளை ஓட்டி டிஜிட்டல் நாணயம் சம்பாதிப்பது) நின்றபோது இராப்பகலாக ஓடிய கார்டுகள் நிறைய சந்தைக்கு வந்தன. பில் இல்லாமல் வாங்க மாட்டேன், எதிரிலேயே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்வேன், பின்பக்கத் தகட்டில் துரு இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுவேன்.

விலை குறையட்டும் என்று காத்திருக்கலாமா என்றும் கேட்டாய். மைனிங் காலத்தில் காத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். இந்த முறை அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஏஐ சர்வர்களுக்கே மெமரி சிப் போதாமல், போன வருடக் கடைசியிலிருந்து ராம் விலை எகிறிக் கிடக்கிறது. ராமுக்கும் கார்டு மெமரிக்கும் சிப் செய்வது அதே சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்தான். அதனால் விலையை வைத்து நான் நாள் குறிப்பதில்லை. தேவை வந்தால் வாங்குவேன், வராவிட்டால் சும்மா இருப்பேன்.

பையனின் கடைசிப் பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். திருப்புளியும் மிச்சமிருக்கும் பேஸ்ட்டும் கொண்டுவருகிறேன். அதற்குள் அந்த 720 சோதனையைச் செய்துவிட்டு, எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. தங்கச்சியிடம் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு ஆள் கூடுதல் என்று சொல்லிவை. கார்டு பேச்சு மட்டும் இப்போதைக்கு நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

அன்புடன்,
பாபு