வாசிப்புக் குழு உறுப்பினர்களுக்கு ஓர் அறிவிப்பு

அன்புடையீர், வணக்கம். பெருநகரத்தைக் களமாகக் கொண்ட பகடித் துப்பறியும் நாவலைப் பற்றி நீங்கள் அனுப்பிய கருத்துகள் அனைத்தையும் படித்தேன்.

கொலையாளி தண்டனை பெறாமலேயே கதை முடிந்துவிட்டதாகப் பலர் வருந்தியிருக்கிறீர்கள். ஆனால் 1946இல் பிரெஞ்சு விமர்சகர்கள் அமெரிக்கக் குற்றப்படங்களுக்கு 'நுவார்', அதாவது கறுப்பு, என்று பெயரிட்ட காலந்தொட்டே, இவ்வகைக் கதைகளில் நீதி முழுமையாகக் கிடைப்பது அரிது என்பதையும், பகடி அந்த ஏமாற்றத்தையே கூர்மையாக்குகிறது என்பதையும் கருதிப் பார்க்க வேண்டுகிறேன்.

பூட்டிய அடுக்ககத்தைப் பற்றிய அத்தியாயம், முகப்பு முதல் இரண்டாங்கட்டு வரை ஆளின்றிக் கிடக்கும் தம் வீட்டை நினைவூட்டியதாகத் தேவகோட்டை ஆச்சி ஒருவர் எழுதியிருந்தார். என்னை மிகவும் நெகிழவைத்த வாசிப்பு அதுவே.

ஞாயிறு மாலை 4 மணிக்குக் காரைக்குடியில் நேரில் கூடிப் பேசுவோம். சிலர் இன்னும் படித்து முடிக்கவில்லை. அதுவரை கொலையாளியின் பெயரைக் குழுவில் எழுத வேண்டாம்.