மல்லிகாவுக்கு, திரும்பி வரும் தட்டுகளைப் பற்றி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து 5 வாரம் ஆகிறது. என்ன காரணம் சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை, அதனால் மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. வசந்தா மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்துவிட்டது. உனக்கும் சொல்லியிருப்பாள், அவள் வாயில் எதுதான் தங்கியிருக்கிறது? நீ நெஞ்சக நோய் வார்டுக்கு மாறியதும் அவள் சொல்லித்தான் தெரியும். நம்ம மெஸ்ஸில் எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டுக் கை கழுவுகிறவள் நீ. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் இளைப்பாறுகிறவர்களின் சாப்பாடு இப்போது உன் பொறுப்பு. அந்த வேகத்தை வார்டு வாசலிலேயே விட்டுவிட்டுப் போடி.

நிமோனியாவோடு ஆக்சிஜன் மாஸ்க்கில் இருப்பவர்கள் தட்டை அப்படியே திருப்பி அனுப்புகிறார்கள், பசியைத் தூண்ட என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். பசியில்லை என்று யார் சொன்னது? ஒரு நாள் மத்தியானம் ஒரே ஒரு கட்டில் பக்கத்தில் 15 நிமிஷம் நின்று பார். மாஸ்க்கைத் தூக்குவார், இட்லித் துண்டை வாயில் வைப்பார், மாஸ்க்கை இறக்குவார், மென்று கொண்டே மூச்சு வாங்குவார். நாலாவது துண்டில் சாச்சுரேஷன், அதாவது இரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம், 94-லிருந்து 87-க்கு வந்திருக்கும், நெற்றியில் வேர்வை பூத்திருக்கும். "போதும்மா, வேண்டாம்" என்று தட்டைத் தள்ளுவார். விழுங்கும்போது எல்லோருக்கும் மூச்சு ஒரு கணம் நின்றுதான் வரும். அவர் நிமிடத்துக்கு 32 தடவை மூச்சு விடுகிறார் என்றால் ஒரு மூச்சுக்கு 2 நொடிகூட இல்லை. அதில் விழுங்க எங்கே இடம்? நமக்கு விழுங்கிய கையோடு மூச்சு பெரும்பாலும் வெளியே போகும். இளைப்பில் இருப்பவர் உடனே உள்ளே இழுப்பார், கஞ்சியும் கூடவே போகும். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பசி மருந்து எழுதி இது தீராது.

சாதாரண மாஸ்க்கில் நிமிடத்துக்கு 5, 6 லிட்டர் ஆக்சிஜன் ஓடுகிறவராக இருந்தால், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் மூக்கில் வைக்கும் சின்னக் குழாயான கேனுலாவுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேள். வாய் விடுபட்டாலே பாதித் தட்டு காலியாகும். மூக்கு வழியாக அதிக வேகத்தில் ஆக்சிஜன் போகிறவர்களில் பலர் அதைக் கழற்றாமலே சாப்பிட முடியும். பை வைத்த மாஸ்க்கில் 12 லிட்டர் ஓடுகிறவருக்கு இந்த மாற்றமெல்லாம் உன் இஷ்டம் இல்லை. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாதவருக்கு வாயால் எதையும் கொடுக்கும் முன் டாக்டரிடம் கேட்டே ஆகவேண்டும். மற்றவர்களை நிமிர்த்தி உட்கார வை, முகவாயை லேசாகக் கீழே தாழ்த்தச் சொல், டீஸ்பூனால் கொடு, ஒவ்வொரு நாலு வாய்க்கும் ஓய்வு கொடு. 15 நிமிஷத்துக்கு மேல் இழுக்காதே. மிச்சத்தை 2 மணி நேரம் கழித்து வேறு வடிவில் கொடுத்துக்கொள்ளலாம். சாப்பிட்டதும் படுக்க விடாதே, அரை மணி உட்காரட்டும்.

அடுத்து, எனக்கு இரத்தம் கொதிக்கிற விஷயம். கேஸ் ஷீட்டில் "சாஃப்ட் டயட், நன்றாக எடுத்துக்கொண்டார்" என்று எழுதுகிறார்களே, எந்தக் கண்ணால் பார்த்து எழுதுகிறார்கள்? சமையலறையிலிருந்து போனதை எழுதுகிறார்கள். உள்ளே போனதை எழுதுவதில்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், உன் டாக்டர்களிடமும் காட்டு. காலையில் 3 இட்லி, நடுவில் 2 டம்ளர் அரிசிக் கஞ்சி, ஒரு இளநீர், மத்தியானம் ரசம் சாதம், ராத்திரி 2 ரொட்டித் துண்டும் ஒரு டம்ளர் பாலும். பார்த்தால் வயிறார வந்த மாதிரி இருக்கும். முழுதும் சாப்பிட்டாலே ஏறக்குறைய 800 கலோரி, 22 கிராம் புரதம். பாதித் தட்டு திரும்பினால் 400-ம் 11-ம். 55 கிலோ ஆளுக்கு வேண்டியது கிலோவுக்கு 27 கலோரி வீதம் சுமார் 1500. புரதம் கிலோவுக்கு 1.3 கிராம் வைத்தால் 70 கிராம். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பு எரிப்பது 10 சதவீதத்துக்கு மேல் கூடும். இந்தப் பற்றாக்குறையைத் தன் தசையைக் கரைத்துத்தான் உடம்பு ஈடுகட்டும். மூச்சு இழுக்கிற உதரவிதானமும் தசைதானே மல்லி. இளைப்பு எப்போது நிற்கும் என்று காத்திருக்கிற நேரத்தில் இளைப்பை நிறுத்த வேண்டிய தசையே தேய்கிறது.

அளவைக் கூட்டாதே, அடர்த்தியைக் கூட்டு. என் டம்ளர் இது: 200 மில்லி பால், கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 2 மேஜைக்கரண்டி, வறுத்து அரைத்த பொட்டுக்கடலை மாவு ஒரு மேஜைக்கரண்டி, சர்க்கரை 2 டீஸ்பூன், நெய்யோ எண்ணெயோ ஒரு டீஸ்பூன். பவுடரை முதலில் ஆறின பாலில் கரைக்க வேண்டும், கொதிக்கிற பாலில் போட்டால் கட்டி தட்டும். கட்டி தொண்டையில் சிக்கினால் இருமல் வந்து அன்றைய சாப்பாடே முடிந்தது. மாவைக் கூடுதலாகப் போடாதே, களியாகிவிடும். ஒரு டம்ளரில் 300 கலோரி, 14 கிராம் புரதம். நாளைக்கு 3 டம்ளர், 2 முட்டை, அந்தப் பாதித் தட்டு. கூட்டிப் பார், 1450 கலோரியும் 65 கிராமும் வந்துவிடும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையை எடுத்துவிட்டு இன்னொரு டீஸ்பூன் எண்ணெய். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு, அது அவர்களைப் பார்க்கும் டாக்டரோடு பேச வேண்டியது.

"பால் சளி, முட்டை சூடு" என்று கூட இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். திட்டாதே. பால் எச்சிலோடு சேர்ந்து தொண்டையில் கொழகொழவென்று நிற்பதால் சளி கூடின மாதிரி தோன்றும், சளி கூடுவதில்லை. அதற்கும் மசியவில்லையா, அதே பால்பவுடரைத் தயிரில் கலந்து இஞ்சி, உப்பு போட்டுக் கொடு. வாய் கசக்கிறவர்களுக்குப் பாலைவிட அதுதான் இறங்கும். முட்டையை முழுதாக வேகவைத்து, மசித்து, ரசம் சாதத்தில் கலந்துவிடலாம். சிறுநீரகம் பழுதானவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இளநீரைத் தடுக்க வேண்டாம், ஆனால் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஸ்டீராய்டு ஓடுகிறவர்களுக்கு மத்தியானத்துக்கு மேல் சர்க்கரை ஏறும். உடனே ராத்திரிச் சாப்பாட்டை வெட்டுகிற பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. இன்சுலினை மாற்றச் சொல், தட்டில் கை வைக்க விடாதே.

எல்லாம் செய்தும் தேவையில் பாதிகூட ஒரு வாரத்துக்குப் போகாது என்று தோன்றினாலோ, 3 நாளைக்கு வாயால் ஒன்றுமே முடியாது என்று தெரிந்தாலோ மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூப் பேச்சை எடுத்துவிடு. வென்டிலேட்டருக்குப் போய்விட்டால் அவ்வளவு காத்திருக்கக் கூடாது, 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் முதல் 3 நாள் முழுக் கணக்கைத் திணிக்காமல் படிப்படியாக ஏற்று. மயக்கத்தில் வைக்கும் புரோபோஃபால் மருந்து ஓடினால் அதில் ஒரு மில்லிக்கு 1.1 கலோரி கொழுப்பு இருக்கிறது, அதையும் கழித்துக்கொள். இறுக்கமான மாஸ்க் வைத்துக் காற்றழுத்தம் கொடுக்கிறவர்களுக்கு ட்யூப் போகும் இடத்தில் காற்று கசியும், வயிறும் உப்பி உதரவிதானத்தை மேலே தள்ளும். அவர்களுக்கு மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

ட்யூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதற்கு எக்ஸ்ரேதான். காற்றை அடித்து ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பதை நம்பாதே, நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். தலைமாடு 30 டிகிரிக்குக் குறையக் கூடாது. ட்யூப் அடைப்பதில் பாதி மாத்திரைத் தூளால், பாதி ராகிக் கஞ்சியால். ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். ராகிக்கு ஒரு வழி இருக்கிறது: காய்ச்சின கஞ்சி கொஞ்சம் சூடு தணிந்ததும் முளைகட்டிய ராகி மாவு ஒரு டீஸ்பூன் போட்டுக் கிண்டி 10 நிமிஷம் விடு. கண்ணெதிரே நீர்த்துப் போகும். முளையில் இருக்கும் நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. கொதிக்கும்போது போட்டால் நொதி செத்துவிடும், ஒன்றும் நடக்காது. நீர்த்த பிறகு மறுபடி ஒரு கொதி விட மறக்காதே, முளைகட்டிய மாவில் கிருமி இருக்கும். வடிகட்டித்தான் ட்யூபில் விட வேண்டும்.

இனி சொல்லப் போவதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதே. உன் வார்டுக்குக் காசநோயாளிகளும் வருவார்கள். தமிழ்நாட்டில் 2022-லிருந்து நடக்கிற 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' சேர்க்கச் சொல்கிறவர்களில் இவர்களும் உண்டு: பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு) 14-ம் அதற்குக் கீழும், அல்லது கால் வீக்கத்தோடு 16-ம் அதற்குக் கீழும். 162 சென்டிமீட்டர் உயரம், 34 கிலோ எடை என்று ஒருவர் வந்தால் பி.எம்.ஐ. 13. அவரைப் பார்த்ததும் கை பதறும், முதல் நாளே அந்த டம்ளரை மூன்றாகக் கொடுக்கத் தோன்றும். கொடுக்காதே. பட்டினி கிடந்த உடம்புக்குள் மாவுச்சத்து போனதும் இன்சுலின் எழும். இரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் இழுக்கப்படும். பாஸ்பேட் விழுந்தால் உதரவிதானம் தளரும். முதல் நாள் தேறின மாதிரி இருந்தவர் மூணாம் நாள் மூச்சு வாங்குவார், எல்லோரும் நோய் முற்றிவிட்டது என்று ஆன்டிபயாட்டிக்கை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பாஸ்பேட் பார்க்க யாருக்கும் தோன்றாது.

இப்படிப்பட்டவருக்குக் கிலோவுக்கு 5 கலோரியில் ஆரம்பிக்க வேண்டும். 34 கிலோவுக்கு 170 கலோரி, நம்ம டம்ளரில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. நாள் முழுதுக்கும் அவ்வளவுதான். ஆனால் அவசரப் பிரிவில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் இரண்டு அரை லிட்டர் பாட்டில் ஏற்றியே உன்னிடம் அனுப்பியிருப்பார்கள். அதிலேயே 50 கிராம் குளுக்கோஸ், 170 கலோரி! நீ ஒரு ஸ்பூன் கொடுக்கும் முன்னாலேயே அன்றைய கணக்கு முடிந்துவிட்டது. அதனால் டிரிப் ஷீட்டைப் படிக்காமல் டயட் எழுதாதே. முதல் கவளத்துக்கு முன், முடிந்தால் அந்த டிரிப்புக்கும் முன், தயமின் (வைட்டமின் பி1) போயாக வேண்டும். தினமும் 200 முதல் 300 மில்லிகிராம், 10 நாள் வரை. பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் தினமும் பார்க்கச் சொல்லி வற்புறுத்து. அந்த மதிப்புகள் விழாமல் நிலையாக இருந்தால் சாப்பாட்டு அளவை ஏற்றி 4-லிருந்து 7 நாளில் முழுத் தேவைக்கு வரலாம். கூட இருக்கிற அம்மாவையும் உட்கார வைத்துச் சொல்லிவிடு. வெளியே வாங்கி வரும் பரோட்டாவை உன் சார்ட் தடுக்காது, அந்த அம்மாதான் தடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் முன் காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக அரசு தரும் நிக்‌ஷய் போஷண் பணத்துக்கு வங்கிக் கணக்கு சேர்த்தாயிற்றா என்றும் கேட்டுவிடு, 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய்.

ஒன்று விட்டுப்போனது. வென்டிலேட்டரிலிருந்து இறங்கினவர் கரகரத்த குரலில் "தண்ணி" என்று கேட்பார். மனசு கேட்காமல் டம்ளரை நீட்டிவிடாதே. வென்டிலேட்டர் ட்யூப் அழுத்தின தொண்டைக்கு விழுங்கும் உணர்வு மங்கியிருக்கும், சிலருக்குத் தண்ணீர் இருமல்கூட இல்லாமல் உள்ளே இறங்கும். விழுங்கும் சோதனை முடிந்த பிறகு கெட்டித் தயிர், மசித்த சாதம் மாதிரி ஒரே பதத்தில் இருப்பதிலிருந்து ஆரம்பி.

ஒரு வேலை வைக்கிறேன். வரும் வாரம் ஏதாவது 5 கட்டில், 3 நாள், மூணு வேளையும் திரும்பி வந்த தட்டை நீயே பார்த்துக் கால், அரை, முக்கால் என்று குறித்து எனக்கு அனுப்பு. எடை பார்க்க முடியாதவர்களுக்கு மேற்கையின் நடுவில் சுற்றளவை டேப்பால் அளந்து கூடவே எழுது. பொட்டுக்கடலை மாவு 2 கிலோ அரைத்து வசந்தா தம்பியிடம் கொடுத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வருகிறான். காற்றுப் புகாத டப்பாவில் வை, மாதத்துக்குள் தீர்த்துவிடு, சிக்கு வாடை வந்தால் யாருக்கும் கொடுக்காதே.

அன்புடன்,
சாந்தி