பாம்ப்லோனாவுல என்னை எழ விடாம பிடிச்ச பெரியவருக்கு

ஸ்பெயின் போனப்போ பாம்ப்லோனா நகரத்துல நடக்குற சான் ஃபெர்மின் திருவிழால காளைங்களோட ஓடினேன். காலைல 8 மணிக்கு ராக்கெட் வெடிச்சதும் 6 காளைய திறந்து விட்டாங்க, எஸ்தஃபேத்தா தெரு திரும்புற இடத்துல யாரோ மோதி நான் குப்புற விழுந்து, பதறி எழப்போனா பக்கத்துல விழுந்து கிடந்த பெரியவர் ஒருத்தர் என் பின்கழுத்தை அழுத்திப் பிடிச்சுட்டார், விடவே இல்ல, குளம்புச் சத்தம் காதை ஒட்டிப் போச்சு.

1995ல இதே ஓட்டத்துல விழுந்து எழுந்த ஒரு அமெரிக்க இளைஞர் கொம்பு குத்தி இறந்திருக்கார், அப்புறமா படிச்சு கை நடுங்கிடுச்சு. விழுந்தா தலைய மூடிட்டு அசையாம கிடக்கணுமாம்.

அந்தப் பெரியவர் தன்னோட சிவப்புத் துண்டை அவுத்து என் முழங்கைல கட்டிட்டுக் கூட்டத்துல போயிட்டார். பேர்கூட கேக்கல. ஐயா, ரொம்ப நன்றி. அந்தத் துண்டு என்கிட்ட பத்திரமா இருக்கு.