கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள்

வாரந்தோறும் விடியலில் சைக்கிள் குழுக்களை அழைத்துச் செல்லும் மூத்த ஓட்டிகளுக்கு,

வணக்கம். பதினொரு ஆண்டுகளாக உங்களோடு ஓட்டி வருகிறேன். பஞ்சர் ஒட்டுவதிலிருந்து எதிர்க்காற்றில் ஒருவர் முதுகில் ஒருவர் ஒதுங்கிப் போவது வரை எல்லாம் நீங்கள் கற்றுக்கொடுத்தவை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஓர் இளைஞர் புதிதாக வந்தார். அகலமான டயர், கேரியர், ஸ்டாண்ட், கைப்பிடியின் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி. கிளம்பும் முன் நம்மில் ஒருவர் அந்தக் கண்ணாடியை விரலால் தட்டி, "அடுத்த வாரம் இது இருக்கக் கூடாது தம்பி" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை உள்பக்கமாக மடக்கிவிட்டார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அன்று நான் வாய் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. இப்போது சொல்கிறேன்: கண்ணாடி இருக்கட்டும். பின்னால் லாரி வருகிறதா என்று தலையைத் திருப்பும்போது பழகாத கை சைக்கிளையும் சேர்த்தே திருப்பிவிடும். நெருக்கமாகப் போகும் கூட்டத்தில் ஒரு முழம் விலகினால் அடுத்தவரின் முன்சக்கரம்தான். அழகு கெடுகிறது என்பதைத் தவிர கண்ணாடிக்கு எதிராக நீங்கள் சொன்ன காரணம் ஒன்றும் என் நினைவில் இல்லை.

கியர் விஷயத்தில் என் வருத்தம் இன்னும் பெரிது. ஏற்றம் தொடங்கியதும் ஒருவர் இருப்பதிலேயே லேசான கியருக்கு மாறினால், "அதற்குள்ளாகவா?" என்று கேட்கிறோம். கணக்கைப் பாருங்கள். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 34 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் ஏறக்குறைய 2.1 மீட்டர் நகரும். பழைய முறைப்படி முன்னால் 39, பின்னால் 25 என்றால் 3.3 மீட்டர். செங்குத்தான மேட்டில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுபவர், முதலில் சொன்ன கியரில் நிமிடத்துக்கு 63 சுற்று மிதிப்பார். இரண்டாவதில் 40 சுற்றுதான். அந்த 40 சுற்றில் ஒவ்வொரு மிதியும் முழங்காலில் போய் இறங்குகிறது. அந்த வலியோடு மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தவர்கள் நம் குழுவிலேயே இருக்கிறார்கள்.

இந்த வீம்பு நம்மோடு பிறந்ததல்ல. 1903-இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், ஓடிக்கொண்டே செயினை மாற்றும் கியருக்கு 1937-இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தின் மறுபக்கத்தில் இருந்த லேசான கியருக்காக, அதைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். அதற்கு வெகு முன்பே ஊர் சுற்றப் போகும் சாதாரண ஓட்டிகள் அந்தக் கியரோடு மலை ஏறிக்கொண்டிருந்தார்கள்.

டயரும் அப்படித்தான். கல் போல் இருந்தால்தான் வேகம் என்று 23 மில்லிமீட்டர் அகல டயரில் 120 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடிக்கச் சொன்னோம். கரடுமுரடான சாலையில் அந்த டயர் உருளுவதைவிடத் துள்ளுவதுதான் அதிகம். துள்ளலில் போகும் சக்தி நம் காலிலிருந்து போவது. இன்று தொழில்முறை வீரர்களே 28 மில்லிமீட்டருக்கும் மேல் போய்விட்டார்கள். சைக்கிளின் எடையைப் பற்றி ஒன்றுதான்: ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், ஒரு மணி நேர ஏற்றத்தில் ஒரு கிலோ குறைவதால் மிச்சமாவது முக்கால் நிமிடம்கூட இல்லை.

கடைசியாக வேகம். மணிக்கு 26 கிலோமீட்டர் என்று அறிவித்துக் கிளம்புகிறோம். அரை மணி நேரத்தில் முன்னால் இருப்பவர்கள் 32-க்குப் போய்விடுகிறார்கள். காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்குப்படி ஏறுகிறது. ஆகவே 26-லிருந்து 32-க்குப் போக, காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய 1.9 மடங்கு சக்தி வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பவருக்கு அது தெரியாது. கடைசியில் வருபவர் ஒரு சைக்கிள் நீளம் விட்டுவிட்டால், பிறகு இரண்டு, பிறகு பத்து. முழுக் காற்றும் அவர் நெஞ்சில் விழுகிறது. குழுவிலேயே பலம் குறைந்தவர் தனியாளாக நம் வேகத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வளைவில் நாம் மறைந்த பிறகு அவருக்கு வழியும் தெரியாது.

இதைப் பயிற்சி என்று சொல்லாதீர்கள். தேர்ந்த வீரர்கள் தங்கள் பயிற்சிகளில் பத்தில் எட்டை, பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய மெதுவான வேகத்தில் செய்கிறார்கள் என்று ஸ்டீஃபன் சைலர் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார். வேலைக்கும் போய்க்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் ஓட்டும் நாம், அந்த இரண்டையும் பந்தயமாக்கிவிட்டோம்.

நான் கேட்பது இவ்வளவுதான். அறிவித்த வேகத்தை மீறாதீர்கள். வாரம் ஒரு மூத்தவர் முறைவைத்துக் கடைசியில் வரட்டும். அடுத்த ஞாயிறு அந்த முறை என்னுடையது. அந்தத் தம்பியைத் தேடிப் பிடித்து, கண்ணாடியோடு வரச் சொல்லியிருக்கிறேன். என் கைப்பிடியிலும் ஒன்று மாட்டிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் குழுவில் ஒருவன்